ஃப்ளை ஃபிஷிங்: ஆற்று ட்ரவுட் பிடிக்கப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க, ஃப்ளை ஃபிஷிங் பழக என்னோடு ஆற்றுக்கு வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலைப் போனிலும் கரையிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன. புதியவர்கள் முதலிலிருந்து படிக்கலாம். ஏற்கெனவே வீசத் தெரிந்தவர்கள் நேராக 7-க்குப் போய்விடலாம்.

1. ஃப்ளை ஃபிஷிங்னா என்னங்க? அதுவும் தூண்டில்தானே, எதுக்கு இவ்வளவு பில்டப்?

தூண்டில்தான், எறிகிற விதம்தான் வேறு. சாதாரணத் தூண்டிலில் நரம்பின் நுனியில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அதை எறிந்தால் நரம்பு பின்னாலேயே ஓடும். இங்கே நுனியில் இருப்பது, சின்ன முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி, அதாவது ஃப்ளை. கனமே கிடையாது. ஒரு இறகைக் கையால் ஓங்கி எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். அதனால் கனத்தை லைனில், அதாவது ரீலிலிருந்து ஓடும் தடித்த நூலில் வைத்திருக்கிறார்கள். நாம் எறிவது லைனை. பூச்சி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

யோசனை பழையது. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மாசிடோனிய ஆற்று மீன்பிடியைப் பற்றி எழுதியிருக்கிறார். மீன் விரும்பித் தின்னும் பூச்சியைக் கையால் தொட்டாலே நிறம் கெட்டுவிடுகிறதாம். அதனால் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கடியில் வளரும் இறகு இரண்டைக் கட்டி மீனை ஏமாற்றினார்களாம். இன்றைக்கும் அதே ஏமாற்றுதான்.

2. முதல் கோல் எது வாங்கலாம்? நம்பர் நம்பரா சொல்றாங்க, ஒண்ணும் புரியல.

9 அடி நீளம், 5-ஆம் எண். யோசிக்காமல் வாங்கலாம். அந்த எண் லைனின் கனத்தைக் குறிக்கிறது. 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்கும். கோல், லைன் இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒடுக்கமான சிற்றோடைக்கு 3 அல்லது 4, கொஞ்சம் குட்டையாக இருந்தால் நல்லது. லைன் மிதக்கும் வகையாக இருக்கட்டும்.

ரீலில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ட்ரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான். மிச்சமாகும் காசில் நல்ல போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்குங்கள். தண்ணீர் மேல் அடிக்கும் பளபளப்பு போய்த் தரை தெரியும். எனக்கு எந்தக் கோலும் பிடித்துத் தராத மீனை அந்தக் கண்ணாடி பிடித்துத் தந்திருக்கிறது.

3. லீடர், டிப்பெட் ரெண்டும் ஒண்ணுதானே?

லைன் தடிமனானது, வண்ணமானது. அதை மீனின் மூக்குக்கு முன்னால் போட முடியாது. அதனால் லைன் நுனியில் 9 அடி போல நிறமில்லாத நரம்பு கட்டுகிறோம். தொடக்கத்தில் தடித்து, போகப்போக மெலிந்துகொண்டே போகும். அதுதான் லீடர். அதன் கடைசியில் கட்டும் ஒரே சீரான மெல்லிய துண்டு டிப்பெட். ஃப்ளையை மாற்ற மாற்ற டிப்பெட்தான் குறையும், குறைந்ததும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

டிப்பெட்டின் தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். எது கட்டுவது என்றால், முள் எண்ணை 3-ஆல் வகுங்கள். 16-ஆம் எண் முள்ளுக்கு 5 எக்ஸ், 12-க்கு 4 எக்ஸ். முள் எண் ஏற ஏற முள் சிறிதாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் நாளில் எல்லோரும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

4. வீசினா லைன் நேரா போகாம முன்னாடியே குவியலா விழுது. கையில பலம் பத்தலையா?

பலம் அதிகமாகிவிட்டது. நனைந்த குடையை வாசலில் உதறுவதை நினைத்துப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, சட்டென்று நிறுத்துகிறோம். நிறுத்துகிற அந்த நொடியில்தான் தண்ணீர் தெறிக்கிறது. கோலும் அப்படித்தான். நீங்கள் தள்ளும்போது கோல் வளைகிறது. நிறுத்தும்போது நிமிர்ந்து லைனை எறிகிறது. நிறுத்தாமல் தண்ணீர் வரைக்கும் கோலைக் கொண்டுபோனால் லைனுக்கு எறிபடும் வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, பின்வீச்சு. முன்னால் போகிற லைனின் தலையெழுத்து பின்னால்தான் எழுதப்படுகிறது. கோலைப் பின்னால் கொண்டுபோய், தலைக்கு நேர் மேலே 12 மணி என்றால் 1 மணியைத் தாண்டியதும் நிறுத்தி, லைன் முழுக்க விரியும்வரை காத்திருக்க வேண்டும். லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு காத்திருப்பு. சாட்டை சொடுக்கியது மாதிரிச் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பெரும்பாலும் ஃப்ளையும் போயிருக்கும். தலையைத் திருப்பிப் பின்வீச்சைக் கண்ணால் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, மணிக்கட்டு. என் மணிக்கட்டு கல் மாதிரி நிற்கிறது என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால், பின்வீச்சில் கோல் நுனி என் பின்னாலிருந்த புல்லைத் தொட்டுவிட்டு வருகிறது! கோலின் அடிப்பாகத்தை முழுக்கைச் சட்டையின் கைக்குள் செருகிக்கொண்டு ஒரு வாரம் வீசினேன், சரியாகிவிட்டது. அப்புறம் ஒன்று: ஒவ்வொரு வீச்சையும் கோல் நுனியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்தி, தொய்வை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். தொய்ந்த லைனை நகர்த்துவதிலேயே பாதி வீச்சு வீணாகும்.

5. எத்தனை மீட்டர் வீசத் தெரியணும்?

8 முதல் 12 மீட்டர். ஆற்று ட்ரவுட்டில் பெரும்பாலானவை இந்தத் தூரத்துக்குள்தான் மாட்டுகின்றன. 25 மீட்டர் வீசுகிறவரைப் பார்த்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். தூரம் கூடக்கூட 9-ஆம் பதிலில் சொல்லும் இழுவையும் கூடும்.

6. பக்கத்துல ஆறு கிடையாது. வீட்டுல பழக முடியுமா?

தாராளமாக. புல்தரை போதும். ஃப்ளைக்குப் பதில் கம்பளி நூல் துண்டு ஒன்று கட்டுங்கள், முள் வேண்டாம். 8 மீட்டரில் ஒரு தட்டை வைத்து, நின்று கொஞ்ச நேரம், மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் அதில் போட்டுப் பழகுங்கள். ஆற்றில் பாதி நேரம் மண்டியிட்டுத்தான் வீசப்போகிறீர்கள், ஏன் என்பது 8-இல் இருக்கிறது. தினம் பத்து நிமிடம் செய்வது மாதத்தில் ஒரு நாள் நாலு மணி நேரம் செய்வதைவிடக் கையில் நிற்கும்.

7. ஆறு முழுக்க ஒரே மாதிரிதான் தெரியுது. மீன் எங்கதான் நிக்கும்?

மீனின் இடத்திலிருந்து யோசியுங்கள். அதற்கு மூன்று தேவைகள்: சாப்பாடு வர வேண்டும், நீந்தி அலுக்கக் கூடாது, ஆபத்து வந்தால் ஒளிய இடம் வேண்டும். ஓடும் தண்ணீர் சாப்பாட்டைக் கொண்டுவருகிறது, ஆனால் அதில் நிற்க ட்ரவுட்டுக்குச் சக்தி செலவாகும். அதனால் வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் ஓரத்தில், மெதுவான பக்கத்தில் நின்று, வேகமான பக்கத்தில் வருவதை எட்டி எட்டிக் கவ்வும். அந்த ஓரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நுரையைப் பாருங்கள். நுரைக்கோடு போகிற வழியில்தான் பூச்சியும் மிதந்து போகும்.

பாறைக்குப் பின்னால் மீன் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாறைக்கு முன்னாலும் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் பாறையில் முட்டித் திரும்பும் இடத்தில் ஒரு மெத்தை மாதிரி அமைதி உண்டு, நல்ல மீன் அங்கே நிற்கும். கரை உள்வாங்கிக் குடைந்திருக்கும் இடம், தாழ்ந்த கிளையின் நிழல், மடுவுக்குள் தண்ணீர் விழும் தலைப்பகுதி எல்லாம் பார்க்க வேண்டியவை. மடுவின் வால்பகுதி, அதாவது ஆழம் குறைந்து கண்ணாடி மாதிரி வழுக்கும் இடம், அந்தி நேரத்தில் உயிர்பெறும். முழங்கால் ஆழத்தில் சலசலவென்று ஓடும் கல்தரையை ஒதுக்காதீர்கள். பூச்சிகள் பிறப்பதே அங்கேதான்.

ஒரே ஒரு விதி: முதலில் காலடி ஓரம், அப்புறம் நடு, கடைசியில் அக்கரை. நேராக நடு ஆற்றுக்கு நடந்துபோய் அக்கரைக்கு வீசுகிறவர், தான் பிடித்திருக்க வேண்டிய மீன்களை மிதித்துக்கொண்டு போகிறார்.

8. நான் போய் நின்னதுமே எல்லாம் கம்முனு ஆயிடுது. மீனுக்கு அவ்வளவு கண்ணு தெரியுமா?

தெரியும், ஆனால் ஒரு வட்டத்துக்குள். ஒளி நீரில் வளைவதால், மீன் அண்ணாந்து பார்த்தால் மேலுலகம் முழுவதும் ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கித் தெரியும். அந்தச் சன்னலின் அகலம் மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி தரையைத்தான் காட்டும். சன்னலின் விளிம்பில், அதாவது நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை நசுங்கி மங்கித் தெரியும். மண்டியிடச் சொல்வது இதனால்தான். நிமிர்ந்து நின்றால் நீங்கள் சன்னலுக்குள் நுழைகிறீர்கள், குனிந்தால் விளிம்பில் கரைகிறீர்கள்.

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், நேர் பின்பக்கம் பார்வை இல்லை. அதனால் கீழிருந்து மேலாக, பின்னாலிருந்து நெருங்குங்கள். உடலின் பக்கவாட்டுக் கோட்டால் அதிர்வையும் உணரும் என்பதால் சரளையில் சரக் சரக்கென்று நடப்பதும் ஆகாது. உங்கள் நிழலோ கோலின் நிழலோ மேலே விழக் கூடாது. பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

9. ஃப்ளை மீன் தலைக்கு மேலேயே போகுது. திரும்பிக்கூடப் பார்க்கல. ஃப்ளை சரியில்லையா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பத்தில் எட்டுத் தடவை என் பதில் ஒன்றுதான்: ஃப்ளை சரிதான், அது மிதக்கிற விதம் சரியில்லை. உண்மையான பூச்சி எதிலும் கட்டப்படாமல் தண்ணீரோடு போகும். உங்கள் ஃப்ளை லைனோடு கட்டியிருக்கிறது. உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வேகமான நீர் ஓடினால், அது லைனை வில்லாக வளைத்துக் கீழே தள்ளும். வளைந்த லைன் ஃப்ளையை இழுக்கும். ஃப்ளைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோடு கிழியும். எந்தப் பூச்சியும் அப்படிப் படகு விடுவதில்லை, ட்ரவுட் அதை உடனே ஒதுக்கிவிடும். இதைத்தான் இழுவை என்கிறோம்.

கோடு கிழிவது கண்ணுக்குத் தெரியும் இழுவை. தெரியாத இழுவை அதைவிட மோசம். அதைக் கண்டுபிடிக்க, ஃப்ளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் கைகோத்துப் போனால் சரி. ஃப்ளை ஒரு விரலளவு முந்தினாலோ பின்தங்கினாலோ விலகினாலோ இழுவை இருக்கிறது. எனக்கு இந்தக் குமிழ்ப் பழக்கம் வந்த பிறகுதான் மீன் வர ஆரம்பித்தது.

சரி, எப்படித் தவிர்ப்பது? முதல் மருந்து, இடம் மாறுவது. இரண்டடி நகர்ந்தால் நடுவில் ஓடும் வேக நீர் விலகிவிடலாம். அது முடியாதபோது, லைன் காற்றில் இருக்கும்போதே கோலை ஆற்றின் மேல்பக்கம் சாய்த்து, லைன் மேலே வளைந்து விழும்படி செய்யலாம். விழுந்த பிறகென்றால், கோல் நுனியால் லைனைத் தூக்கி மேல்பக்கம் திருப்பிப் போடலாம். மெண்டிங் என்பது இதுதான். விழுந்த உடனே செய்ய வேண்டும், இழுவை தொடங்கிய பிறகு செய்தால் ஃப்ளையும் சேர்ந்து குதிக்கும். டிப்பெட்டை ஓரிரு அடி நீட்டிக் கட்டினாலும் அந்தத் தொய்வு சில நொடிகளை வாங்கித் தரும். மீன் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு மீட்டரில் போட்டு, அந்த ஒரு மீட்டர் ஒழுங்காக மிதந்தால் போதும்.

10. அப்போ எந்த ஃப்ளைதான் கட்டறது? பெட்டியில இருநூறு வச்சிருக்கேன்.

நூற்றித் தொண்ணூறை வீட்டில் வையுங்கள். ட்ரவுட் ஆற்றில் முக்கியமான பூச்சிக் குடும்பங்கள் நான்கு. கரையில் உட்கார்ந்திருப்பது எது என்று இறக்கையை வைத்தே சொல்லிவிடலாம். பாய்மரம் மாதிரி இறக்கையை நிமிர்த்தி வைத்திருந்தால் மேஃப்ளை. கூரை மாதிரி சரித்து மூடியிருந்தால் கேடிஸ். முதுகின் மேல் தட்டையாக மடித்திருந்தால் ஸ்டோன்ஃப்ளை. கொசு மாதிரி பொடியாக இருந்தால் மிட்ஜ். இவை தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியை நீருக்கடியில் கழித்துவிட்டு, ஈசல் புறப்படுகிற மாதிரி ஒரே நேரத்தில் கூட்டமாக மேலே வரும். அதுதான் ஹேட்ச். மேல்மட்டத்தில் மிதப்பதைப் போலச் செய்தது ட்ரை ஃப்ளை, நீருக்கடியில் வாழும் பருவத்தைப் போலச் செய்தது நிம்ஃப்.

என் பெட்டியில் எப்போதும் இருப்பவை ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், ஹேர்ஸ் இயர் நிம்ஃப், வூலி பகர். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அளவில். ஆடம்ஸ் 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தது. எந்த ஒரு பூச்சியையும் அச்சாகக் காட்டாது, எல்லாப் பூச்சியையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும். ஃபெசன்ட் டெயிலைச் செய்தவர் ஃப்ராங்க் சாயர், இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்தவர். நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியாலேயே இறகைக் கட்டினார். கட்டும் ஆயிற்று, மூழ்கக் கனமும் ஆயிற்று.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் அளவு, அப்புறம் உருவம், கடைசியில் நிறம். ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டி அடியில் ஊர்வதைப் பாருங்கள். அந்த அளவில் இருக்கும் நிம்ஃபைக் கட்டுங்கள். கல்லைத் திரும்ப அப்படியே வைத்துவிடுங்கள்.

11. கண்ணு முன்னாடியே மேல வந்து வந்து சாப்பிடுது, என் ட்ரை ஃப்ளையை மட்டும் விட்டுடுது. கடுப்பா இருக்கு.

அது மேலே வந்து சாப்பிடுகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த வளையத்தை இன்னொரு முறை பாருங்கள். மீன் மேல்மட்டத்தில் இருப்பதைக் கவ்வினால் காற்றையும் சேர்த்து விழுங்கும், பின்னால் குமிழ் ஒன்று மிஞ்சும். குமிழே இல்லாமல் தண்ணீர் புடைத்து அடங்கினாலோ, மூக்கு தெரியாமல் முதுகும் வாலும் மட்டும் தெரிந்தாலோ, மேல்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே தோலுரித்துக்கொண்டிருக்கும் பூச்சியைச் சாப்பிடுகிறது. அந்த நொடியில் பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, மூழ்கவும் தெரியாது. அதைவிடச் சுலபமான சாப்பாடு மீனுக்கு எங்கே கிடைக்கும்? எமர்ஜர் என்ற பாதி மூழ்கும் ஃப்ளை இதற்குத்தான். கையில் இல்லையென்றால் ட்ரை ஃப்ளையின் அடிப்பக்கத்து இறகைக் கத்தரித்து, எச்சில் தடவிப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் சளேரென்று தெறித்தால் பெரும்பாலும் தத்தி ஓடும் கேடிஸ். சத்தமே இல்லாமல் மழைத்துளி வளையம் மாதிரி வந்தால், முட்டையிட்டுச் செத்து மிதக்கும் மேஃப்ளையாக இருக்கலாம். இந்த அமைதியான வளையத்தைச் சின்ன மீன் என்று அலட்சியம் செய்யாதீர்கள். நானும் செய்திருக்கிறேன்.

12. அடியில போற நிம்ஃபை மீன் கவ்வினது எப்படித் தெரியும்?

பல தடவை தெரியவே தெரியாது. கவ்வி, பொய் என்று தெரிந்து, துப்பியும் இருக்கும். ட்ரவுட் பெரும்பாலும் நீருக்கடியில்தான் சாப்பிடுகிறது என்பதால் இதைப் பழகாமல் தப்பிக்கவும் முடியாது. லீடரில் ஒரு தக்கை கட்டுங்கள். தக்கையிலிருந்து ஃப்ளைக்கு நீளம், தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு. தரையை ஒட்டிய நீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். எனவே தக்கை மேலே மிதக்கும் நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனால் ஃப்ளை சரியான ஆழத்தில் இருக்கிறது. நுரையோடு பந்தயம் ஓடினால் கனம் போதவில்லை.

தக்கை மூழ்கினால் இழுப்பது என்று காத்திருக்காதீர்கள். நின்றது, தயங்கியது, பக்கவாட்டில் நகர்ந்தது, எதுவானாலும் மெல்லத் தூக்குங்கள். பாதி தடவை கல்லாகத்தான் இருக்கும். கல்லே தட்டவில்லை என்றால் ஆழம் போதவில்லை.

13. கவ்வுது, இழுக்கிறேன், வெறும் முள்ளுதான் வருது.

ட்ரை ஃப்ளையில் நிதானம் வேண்டும், நிம்ஃபில் வேகம் வேண்டும். இரண்டும் தலைகீழாக நடந்தால் இப்படித்தான். ட்ரை ஃப்ளையைக் கவ்விய மீன் வாயை மூடித் தலையைக் கீழே திருப்ப ஒரு நொடி கொடுங்கள். நிம்ஃபில், சந்தேகம் வந்ததும் தூக்க வேண்டும். இரண்டிலுமே வெடுக்கென்று பிடுங்க வேண்டாம், தொய்வை எடுக்கிற அளவு போதும். முள் நுனியை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது.

14. பின்னாடி மரம், முன்னாடி காத்து. எப்படி வீசறது?

மரம் இருந்தால் ரோல் காஸ்ட். லைனை நீரின் மேலேயே மெதுவாக இழுத்து, கோல் காதுக்குப் பின்னால் போனதும் நிறுத்தி, கோல் நுனிக்குப் பின்னால் லைன் தொய்ந்து தொங்கும்போது முன்னால் அழுத்தி நிறுத்த வேண்டும். பின்வீச்சே வேண்டாம். எதிர்க்காற்று என்றால் லீடரைக் குறைத்துக்கொண்டு, கோலைப் படுக்கவைத்துத் தாழ வீசுங்கள். நீரை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. அதற்கும் மீறி அடித்தால் உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

15. பெரிய மீனா மாட்டும்போது மட்டும் அறுத்துட்டுப் போயிடுது.

அறுந்த நுனியைப் பாருங்கள், அதிலேயே காரணம் இருக்கிறது. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. இறுக்குவதற்கு முன் எச்சில் தடவாமல் இழுத்திருப்பீர்கள், அந்தச் சூட்டில் நரம்பு பலமிழக்கும். நுனி சொரசொரப்பாக இருந்தால் கல்லில் உரசியது. சுத்தமாக வெட்டினாற்போல் இருந்து நடுவில் அறுந்திருந்தால், வீசும்போது நரம்பில் தானாக விழுந்த முடிச்சாக இருக்கலாம். முன்வீச்சில் பலத்தைத் தொடக்கத்திலேயே கொடுப்பதால் வருவது அது (4-ஆம் பதிலின் குடையை நினையுங்கள்). பத்து வீச்சுக்கு ஒருமுறை டிப்பெட்டை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் ஓடும்போது ஓடவிடுங்கள், நின்றால் சுற்றுங்கள். கோலை வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்தால் நுனி மட்டும்தான் வளையும். கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில், மீன் போகும் திசைக்கு எதிராகச் சாய்த்தால் தடித்த பகுதி வேலை செய்யும், மீன் சீக்கிரம் அலுக்கும். அது துள்ளினால் கோலைச் சட்டென்று தாழ்த்திக் கொஞ்சம் தொய்வு கொடுங்கள்.

16. எந்த நேரத்துல போறது நல்லது? வெயில் காலத்துல?

நேரத்தைவிடத் தண்ணீரின் வெப்பம் முக்கியம். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை ட்ரவுட் சுறுசுறுப்பாகச் சாப்பிடும். குளிர் காலத்தில் நடுப்பகல், கோடையில் அதிகாலையும் அந்தியும். 20 டிகிரியைத் தொட்டால் கோலை மடித்துவிடுங்கள். 10 டிகிரி நீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 20 டிகிரியில் 9 தான். போராடிக் களைத்த மீன் அந்தத் தண்ணீரில் மீண்டு வருவது கஷ்டம், விட்டாலும் செத்துப்போகலாம். சின்ன தெர்மாமீட்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

17. திரும்ப விடற மீன் உண்மையிலேயே பிழைக்குமா?

ஒழுங்காக விட்டால் பிழைக்கும். முள்ளின் உட்பக்கத்தில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். லைன் தொய்யாமல் இருந்தால் மீன் தவறாது, கழற்றுவதும் சுலபம். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். போட்டோவுக்காகத் தூக்கினால், தூக்கும் நேரம் உங்களால் மூச்சடக்க முடிகிற நேரத்துக்குள் இருக்கட்டும். அப்புறம் மெதுவான நீரில் தலையை எதிர்நீர்ப் பக்கம் வைத்துத் தாங்கிப் பிடித்திருங்கள், அதுவாகவே உதறிக்கொண்டு போகும். எதை எப்போது பிடிக்கலாம், எடுத்துப்போகலாமா என்பதெல்லாம் ஆற்றுக்கு ஆறு மாறும் விதிகள், இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

18. ஆத்துக்குள்ள இறங்கணுமா? எனக்குப் பயமா இருக்கு.

பயம் இருக்கட்டும், நல்லது. கரையிலிருந்தே பிடிக்க முடிந்தால் இறங்க வேண்டாம். இறங்கினால் ஊன்றுகோல் ஒன்று, காலைத் தூக்காமல் தேய்த்தபடி நடை, நீரோட்டத்துக்குப் பக்கவாட்டாக உடம்பு. நெஞ்சு வரை வரும் வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) போட்டிருந்தால் இடுப்பு வாரை இறுக்கிக் கட்டியே ஆக வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதை அது தாமதப்படுத்தும். சரளையில் சுற்றிலும் பாசி படிந்திருக்க, நடுவில் மட்டும் கழுவினாற்போல் வெளிறிய குழி தெரிந்தால் மிதிக்காதீர்கள். ட்ரவுட் முட்டையிட்ட இடம் அது.

19. மூணு வருஷமா போறேன். அப்போ பிடிச்ச அதே அளவுதான் இப்பவும்.

ஆற்றுக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் கோலைத் தொடாமல் உட்கார்ந்து பாருங்கள். பறப்பது என்ன, நுரை எங்கே போகிறது, எங்கே வளையம் விழுகிறது. இரண்டாவது, ஒரு நாள் முழுக்க ஒரே ஃப்ளையோடு பிடியுங்கள். மாற்றுவதற்கு வேறு ஃப்ளை இல்லாதபோதுதான் கோணத்தையும் ஆழத்தையும் மாற்றத் தோன்றும். மூன்றாவது, நோட்டு: தேதி, தண்ணீர் வெப்பம், நேரம், மீன் நின்ற இடம், அதை எடுத்த ஃப்ளை. ஒன்றும் மாட்டாத நாளையும் எழுதுங்கள். என் நோட்டில் அந்த நாட்களே அதிகம்.

20. கூட வந்தவர் அதே இடத்துல, அதே ஃப்ளையில அஞ்சு பிடிச்சார். எனக்கு ஒண்ணும் இல்ல. அதிர்ஷ்டமா?

எனக்கே நடந்தது. அரை மணி நேரம் கோலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். நான் முப்பது தடவை வீசுகிற நேரத்தில் அவர் எட்டுத் தடவைதான் வீசினார். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஃப்ளை மீனைத் தாண்டி நன்றாகக் கீழே போகும்வரை எடுக்கவில்லை. நான் மீனுக்கு மேலேயே லைனைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் நின்றது என்னைவிட மூன்றடி கீழே, ஒரு முழங்காலை ஊன்றியபடி. நிம்ஃபுக்கு ஒரு முழம் மேலே மிளகளவு ஈயக்குண்டு ஒன்றை நரம்பில் கடித்துப் பொருத்தியிருந்தார், என்னுடையதில் அது இல்லை.

அதனால் அடுத்த முறை நிற்கும் இடம், வீசும் தூரம், டிப்பெட் தடிமன், ஆழம், மிதப்பு என்று இந்த வரிசையில் ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்தும் புரியவில்லை என்றால், உங்கள் பின்னால் வந்து நின்று நாலு வீச்சு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை: "மெதுவா."